இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஒரு படகு

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. மதியம் பன்னிரண்டரைக்கு அந்த நாற்காலியில் சாய்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பாள். அதன் பிறகு அன்றைக்கு அவளால் ஒன்றும் முடியாது. இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. அந்த மூன்று வருடத்தில் நாங்கள் பாலம் தாண்டினால் வரும் ஜொகூருக்குக்கூடப் போகவில்லை.

அவளுக்கு வெகுநாளாக ஓர் ஆசை. காஷ்மீரில் ஏரியின்மேல் மிதக்கும் வீட்டுப்படகில் தங்க வேண்டும். கல்யாணமான புதிதில் மளிகைக்கடை நாள்காட்டியில் அந்தப் படத்தைப் பார்த்து, மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள். "நீங்க ரிட்டையர் ஆனதும் போவோம்" என்பாள். நான் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குள் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் முந்திக்கொண்டன.

அதனால் போன வருடம் ஒரு நாள், "இங்கயே படகுல தங்கலாமாம். டயாலிசிஸ் சென்டர்ல ஒரு நர்ஸ் சொன்னா. போவோமா?" என்று அவளே கேட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை. அவள் எதையும் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. சனிக்கிழமை மாலை போனால் கூட ஒரு நாள் கிடைக்கும் என்று சொல்லிப்பார்த்தேன்.

"வீக்கெண்டுல கூட்டமா இருக்கும் லா. எனக்குப் புதன்கிழமைதான் வேணும்" என்றாள்.

அந்தப் புதன்கிழமை எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய் மாலை டயாலிசிஸ் முடிந்ததும் டாக்சி பிடித்து நேராகத் தெற்குக் கரைக்குப் போனோம். கடலில் கொஞ்சத்தை மடக்கி ஏரி மாதிரி ஆக்கியிருந்தார்கள். அலை கிடையாது. சுற்றிலும் கண்ணாடி வைத்த கொண்டோ கட்டடங்கள். நடுவில் வரிசையாகப் படகுகள். எங்களுடையதில் ஓர் அறை, ஆள் திரும்ப முடியாத சமையலறை, முன்னால் இரண்டு நாற்காலி போட்ட மரத்தளம். படகுகளைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர் எங்கள் வயதுக்காரர்தான். அவள் வலது கையைப் பிடித்துப் பலகையில் ஏற்றிவிட்டார். இடது கையை யாரும் தொடக்கூடாது. டயாலிசிஸ் ஊசிக்காக அதில்தான் ரத்தக்குழாயை இணைத்திருந்தார்கள். இந்தப் படகு ஓடுமா என்று அவள் மலாயில் கேட்டாள். ஓடாது, கட்டியேதான் கிடக்கும் என்று அவர் சிரித்தார்.

"பரவால்ல. மிதக்குதுல்ல" என்றாள் என்னிடம்.

அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் அனுமதி. அதற்கு மேல் குடித்தால் நுரையீரலில் சேர்ந்துவிடும். அவள் ஒரு ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, கால் எட்டும் தூரத்தில் இருந்த அத்தனை தண்ணீரையும் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நான் திருப்தியாக நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். நர்ஸ். அதற்கு ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனவள், பிறகு திரும்பவில்லை. ஃபோனை மாற்றிவிட்டாள். இந்தத் தீவில், ஒரு மணி நேர எம்ஆர்டி ரயில் தூரத்துக்குள், எங்கேயோ இருக்கிறாள் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் தெரிந்தவர்கள் மூலம் சொல்லி அனுப்பினோம். பதில் வரவில்லை.

காரணம் ஒரு பையன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து என் பட்டறையில் வெல்டராக இருந்தான். தங்கமான பையன். ஒரு தீபாவளிக்கு, விடுதியில் தனியாகக் கிடக்கிறானே என்று நான்தான் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். ஒருமுறை எங்கள் வீடு முழுவதற்கும் தனி ஆளாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். கூலி கொடுத்தால், "என்ன சார் இது, அம்மா சோறு போடுறாங்கல்ல" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அடுத்த வருடம் என் மகள் வந்து, அவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வேலை பர்மிட்டில் இருப்பவன் இங்குள்ள பெண்ணைக் கட்ட அரசாங்க அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்றாள்.

நாங்கள் இருவருமே வேண்டாம் என்றோம். அவள் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் பட்டறையில் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் எங்கள் மகளைக் கைவிட்டு ஓடிவிட்டான், அந்த ஆத்திரத்தை அவள் எங்கள்மேல் காட்டுகிறாள் என்றுதான் என் மனைவி ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி நம்பும்படி சொன்னவன் நான்.

புதன் காலை ஊர் பார்க்கக் கிளம்பினோம். இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்கள் சுற்றுலாப் பயணிகளைப் போல மேல்தளம் திறந்த பஸ்ஸில் ஏறினோம். மைக் பிடித்த சீனப் பெண் ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். மெல்பர்ன், மணிலா, ஹைதராபாத். எங்கள் முறை வந்தபோது என் மனைவி சத்தமாக, "ஈசூன்!" என்றாள். பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண் தானும் ஈசூன்தான் என்று சொல்லிக் கைதட்டச் சொன்னாள். என் மனைவி தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு குழந்தை மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தபடி வந்தாள்.

கரையோரப் பூந்தோட்டங்களில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் போனோம். குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். ஆற்றில் சின்னப் படகில் ஒரு சுற்று. மெர்லயன் சிங்கச் சிலை முன்னால் ஒரு சீக்கியக் குடும்பத்துக்கு நான் படம் எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் எங்களை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அவள் கண் மட்டும் கைக்கடிகாரத்தின்மேல் இருக்கிறது. அதை நான் பிறகுதான் கவனித்தேன்.

இரண்டே முக்கால் மணிக்குப் பஸ் லிட்டில் இந்தியாவில் நின்றது. "இங்க இறங்குவோம்" என்றாள்.

"களைப்பா இல்லியா? படகுக்கே போயிடலாமே."

"தேக்காவுல ஒரு தே குடிச்சிட்டுப் போவோம்."

தேக்கா சந்தையில் மதியக் கூட்டம் குறைந்திருந்தது. மீன் கடைகளைக் கழுவிவிட்டிருந்ததால் தரை ஈரமாக இருந்தது. வழுக்கிவிடப் போகிறாள் என்று வலது பக்கம் அணைத்துக்கொண்டு உணவுக் கடைகள் பக்கம் கூட்டிப்போனேன். அவள் மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தூண் ஓரத்தில் ஒரு மேசையில் வெள்ளை டீஷர்ட் போட்ட பெண் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் திரும்பினாள். அம்மாவைப் பார்த்து எழுந்தாள். பின்னால் என்னைப் பார்த்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"தனியா வரேன்னுதானே மெசேஜ் அனுப்புனீங்க, அம்மா?"

"பொய்தான் சொன்னேன். உக்காரு" என்றாள் என் மனைவி. "என் சென்டர்ல இருக்கிற நர்ஸ் உன்கூடப் படிச்சவளாம். ரெண்டு மாசம் கெஞ்சி அவகிட்ட நம்பர் வாங்கினேன். உனக்குப் புதன்கிழமை லீவுன்னு அவதான் சொன்னா. நான் இன்னும் எத்தன வருஷம் இருக்கப்போறேன்? ரெண்டு பேரும் என் முன்னாடி பேசிடுங்க. அதுக்குத்தான் கூட்டியாந்தேன்."

மகள் உட்கார்ந்தாள். நாற்காலி நுனியில்தான். முப்பத்து நான்கு வயதில் காதோரம் நரைத்திருந்தது. அவள் கண் அம்மாவின் இடது கையிலேயே நின்றது. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அந்த நரம்புகளை ஒரு நர்ஸ் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மகள் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் போய் மூன்று கிளாஸ் தேநீர் வாங்கிவந்தேன். 

திரும்பி வந்தபோது என் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். "வேணாம்னு சொன்னோம். தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பையன் உன்ன விட்டுட்டுப் போனா அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்? பெத்தவங்ககிட்ட ஆறு வருஷம் பேசாம இருக்கிற அளவுக்கா?"

மகள் அம்மாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க அம்மாகிட்ட சொல்லவே இல்லியா?"

"என்ன சொல்லல?" என்றாள் என் மனைவி.

நான் தேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க ப்பா. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

அந்த மேசையில், ஈர மேலங்கியோடு போய்க்கொண்டிருந்த மீன்கடைக்காரர்களுக்கு நடுவில், சொன்னேன். அவன் ஓடிப்போகவில்லை. பட்டறை மேலாளருக்கு நான் ஃபோன் செய்தேன். உங்கள் ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே பெயிண்டிங் வேலைக்குப் போகிறான், பர்மிட் விதியை மீறுகிறான் என்றேன். எங்கே என்று அவர் கேட்டபோது ஈசூனில் ஒரு வீடு என்றேன். எந்த வீடு என்று சொல்லவில்லை. ஒரு வாரத்தில் அவனை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

"ஏதோ கோவத்துல ஒரு நாள்..." என்று தொடங்கினேன்.

"ஒரு நாள் இல்ல. ரெண்டு தடவ பண்ணீங்க" என்றாள் மகள். குரலை உயர்த்தவே இல்லை. "மொத தடவ அவங்க கண்டுக்கல. மறுபடியும் பண்ணி, நடவடிக்கை எடுக்கலேன்னா மேல எழுதிப் போடுவேன்னு சொன்னீங்க. அவரோட சூப்பர்வைசரே அவருகிட்ட சொல்லிட்டாரு."

 என் மனைவியின் கை தே கிளாஸை விட்டு விலகியது.

"அவர அனுப்புன அன்னைக்கி நான் வீட்டுக்கு வந்து கேட்டேன் அம்மா. அப்பா மட்டும்தான் இருந்தாரு. ஆமான்னு சொன்னாரு. 'உங்கம்மாவும் நானும் உன் நல்லதுக்குத்தான் செஞ்சோம்'னு சொன்னாரு." கைப்பையை மேசைமேல் வைத்தாள். "ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னுதான் இத்தன நாளா... உங்களுக்கு டயாலிசிஸ்னு கேள்விப்பட்டப்பகூட வரல அம்மா. அந்த சென்டர் வாசல் வரைக்கும் ஒரு தடவ வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை. சொல்லியிருப்பேன். சொன்னேன். 'நான்' என்று மட்டும் சொல்லியிருந்தால் தாயும் மகளும் இந்த ஆறு வருடத்தை இழந்திருக்க மாட்டார்கள். துணைக்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது எனக்கு.

மகள் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். என் மனைவி வலது கையால் அவள் தலையைத் தடவினாள். "அந்தத் தம்பி இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"கல்யாணம் ஆயிடுச்சு அம்மா. ரெண்டு பிள்ளைங்க. நான்தான் பண்ணிக்கச் சொன்னேன். ரெண்டு வருஷம் காத்திருந்தாரு. மறுபடி இங்க வரவே விடல."

"நீ?"

"வேலைக்குப் போறேன். வரேன்."

என் மனைவி எழுந்தாள். "மேல துணிக்கடைக்குப் போயிட்டு வரோம். நீங்க இங்கயே இருங்க" என்றாள் என்னிடம். அவர்கள் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றேகால் மணி நேரம். மேசை துடைக்க வந்த அம்மாள் மூன்று கிளாஸையும் எடுத்துக்கொண்டு போனார். ஒன்றுமே குடிக்கப்படவில்லை என்பதைப் பார்த்து, நன்றாக இல்லையா என்று கேட்டார். நல்லாத்தான் இருந்துச்சு என்றேன்.

என் மனைவி தனியாக இறங்கி வந்தாள். டாக்சி பிடித்துப் படகுக்குத் திரும்பினோம்.

அந்தப் படகைப்போல ஒரு சின்ன இடத்தில் அதுவரை நான் இருந்ததில்லை. அவள் அறைக்குள் போனால் நான் தளத்துக்கு வர வேண்டும். அவள் தளத்துக்கு வந்தால் நான் உள்ளே போக வேண்டும். நடுவில் கடக்கும்போது இருவரும் ஒருக்களித்துக்கொண்டால்தான் வழி. அப்படி இரண்டு முறை கடந்தோம். அவள் என்மேல் படாமல் கடந்தாள். சூரியன் இறங்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர் வந்து, நாளெல்லாம் என்னென்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தார். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பஸ்ஸில் ஈசூன் என்று கத்தியதைக்கூடச் சொன்னாள். அவர் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லு. திட்டவாச்சும் செய்" என்றேன்.

தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள். "அவரு பெயிண்ட் அடிச்ச அன்னைக்கி நான்தானே சோறு போட்டேன். கையெல்லாம் பெயிண்டா இருக்குன்னு ஸ்பூன் கேட்டாரு. நீங்க எந்திரிச்சுப் போய் எடுத்துக் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஃபோன் பண்ணும்போதும் ஞாபகம் இருந்துச்சா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று பொய் வரவில்லை. "இருந்துச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நாளைக்கி டயாலிசிஸுக்கு நீங்க வராதீங்க. அவ லீவு போட்டுட்டு வரா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

வியாழன் காலை பத்து மணிக்கு மகள் படகுத்துறைக்கு வந்தாள். பலகையின் அந்தப் பக்கமே நின்றாள். நான் மருந்துப் பையையும் போர்வையையும் எடுத்து நீட்டினேன். மாத்திரைகளைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும், "தெரியும் ப்பா" என்றாள். பெட்டியோடு நான் தனியாக ஈசூனுக்கு ரயில் ஏறினேன்.

என் மனைவி மூன்று வாரம் மகளின் வாடகை அறையில் இருந்தாள். அங்கே லிஃப்ட் நிற்காத மாடி, படியேற அவளால் முடியவில்லை. திரும்பி வந்துவிட்டாள். நான் மன்னிக்கப்பட்டேன் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். அவள் நடு அறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டாள். அது மகளுடைய பழைய அறை. சமைத்தாள், துணி மடித்தாள், "தண்ணி பில்லு வந்திருக்கு" போன்றவற்றைச் சொன்னாள். புதன்கிழமைகளில் மகளைப் பார்க்கப் போனாள். எங்கே போகிறாள் என்று நான் கேட்டதில்லை.

ஒரு நாள் ஒரு நம்பரை எழுதி என் முன்னால் வைத்தாள். அவன் நம்பர். "கூப்பிடுங்க. நான் கேக்கணும்" என்று எதிரில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

யாரென்று சொன்னதும், "நல்லா இருக்கீங்களா சார்?" என்றான்.

தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"விடுங்க சார். எவ்ளோ நாளாச்சு. அம்மா எப்படி இருக்காங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் மனைவி ஃபோனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள். பத்து நிமிடம் பேசினாள். பிள்ளைகளின் பெயர் கேட்டாள், பெரியவன் பள்ளிக்கூடம் போகிறானா என்று கேட்டாள், எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தது அன்றுதான். வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

இந்த வருடம் மழை தொடங்கிய நேரத்தில் அவளுக்கு ரத்தத்தில் தொற்று ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பகலில் மகள், மாலையில் நான் என்று யாரும் சொல்லாமலே பிரித்துக்கொண்டோம். எட்டாவது நாள் நான் போனபோது அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. அவள் உதடு காய்ந்திருந்தது. நர்ஸிடம் கேட்டு ஒரு ஐஸ்கட்டி கொடுத்தேன். வாயில் வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்வாள் என்று பக்கத்திலேயே குனிந்து இருந்தேன்.

"வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றாள். அதில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. அடுத்த நாள் பகலில், மகள் பக்கத்தில் இருக்கும்போது போய்விட்டாள்.

மண்டாய் தகனச்சாலையில் எல்லாக் காரியத்தையும் மகள்தான் பார்த்தாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், பஸ்ஸுக்கு ஆள் எண்ணினாள். முடிந்து எல்லோரும் கலைந்தபோது என்னிடம் வந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"சுகர் மாத்திரை போடணும்ல. சாப்பிடுங்க" என்றாள். வார்டில் எந்தக் கிழவனிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நான் விடும்வரை பொறுத்திருந்தாள், பிறகு போய்ப் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் மூன்று முறை மெசேஜ் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்பதற்கான நீலக்குறி மூன்றிலும் விழுந்திருக்கிறது.